உளுந்து தீரும் தேதி

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. ஆறே காலுக்குக் காபி, ஏழரை வரை செய்தித்தாள், ஏழரைக்கு டப்பாக்கள்.

டப்பாக்கள் என்றால் எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கும் பன்னிரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று அவற்றை நானே நிரப்புவேன். அடுத்தடுத்த ஞாயிறுகளில் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு டப்பாவிலும் கறுப்பு மார்க்கரால் கோடுகள் போட்டிருக்கிறேன். ஐந்து ஞாயிறு வரும் மாதங்களுக்கு அடியில் ஒரு சின்னக் கோடும் உண்டு. ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்து நோட்டில் எழுதுவேன். அன்று பன்னிரண்டும் கோட்டில் இருந்தன. நான்கு வருடமாக அப்படித்தான். நோட்டில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு. முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு அதில் எழுத எதுவும் நேரவில்லை. அந்தக் காலிப் பத்தியைப் பார்க்கும்போது எனக்குத் தனி நிறைவு.

புனேயின் போசரியில் ஓர் எஞ்சினியரிங் கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருபத்தோரு வருடம் இருந்தவன் நான். எந்தத் தட்டில் எத்தனை பேரிங் இருக்கிறது, எப்போது தீரும் என்று சொல்வது என் வேலை. ஆள்குறைப்பில் அது போனது. பதினான்கு மாதம் தேடிய பிறகு, மளிகை வாங்குவதை எளிதாக்க மொபைல் ஆப் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். அங்கே எல்லோருக்கும் ஆப் செய்யத் தெரியும். மளிகை வாங்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் யோசனை இதுதான். கடைக்குப் போகிறவர்கள் எதையாவது மறந்துவிட்டு மறுபடி போகிறார்கள். தீரப்போவதை அவர்களுக்கு முன் ஆப்புக்குத் தெரிந்துவிட்டால்? 'உங்கள் வீட்டில் உளுந்து ஆகஸ்ட் 3 அன்று தீரும்' என்று திரையில் காட்டி, பட்டியலைத் தானே போட்டுக் கடைக்கு அனுப்பிவிடும். அதற்கு ஒரு குடும்பம் என்ன வேகத்தில் சாப்பிடுகிறது என்று தெரிய வேண்டும். மற்றவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கலாம் என்றார்கள். நான் என் நான்கு வருட நோட்டை மேஜைமேல் வைத்தேன்.

மேனேஜர் ஒரு மராட்டிப் பெண், முப்பது வயதுக்குள். நோட்டிலிருந்து வரைந்த படத்தை நெடுநேரம் பார்த்தாள். ஒவ்வொரு மாதமும் ஒரே சாய்வு, ஒரு நெளிவு இல்லை.

"ரியல் டேட்டா ஹை நா, சர்?" என்றாள், உண்மையான கணக்குதானே என்று.

"நூறு சதம்" என்றேன்.

மறுநாள், அதாவது திங்கள் பதினொரு மணிக்கு, முதலாளிகள் முன் அதைக் காட்ட வேண்டும். பிடித்தால் எனக்கு வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஜூலையோடு ஒப்பந்தம் முடிகிறது. ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு பதினான்கு மாதம் தேடும் தெம்பு எனக்கு இல்லை. அது என் மனைவிக்கும் தெரியும்.

பத்து மணிக்கு அண்ணாச்சி கடைக்குப் போனேன். வானவடியில் எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு நிமிட நடை. அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். புனேக்கு வந்து முப்பது வருடம். இட்லி அரிசி, அப்பளம், நல்லெண்ணெய் எல்லாம் அவரிடம் கிடைக்கும். ஆப்பின் முதல் கடையாக இருக்க ஒப்புக்கொண்டிருந்தார். அவர் போனில் அதை ஏற்றி, முதல் வாடிக்கையாளராக எங்கள் வீட்டைப் போட்டு, திரையைக் காட்டினேன்.

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். "உளுந்து ஆகஸ்ட் மூணு வரைக்கும் வருமா? யாரு வீட்டுல சார்?"

"எங்க வீட்டுலதான்."

"அரே, சும்மா இருங்க. நேத்துதான உங்க வீட்டு அக்கா ஒரு கிலோ வாங்கினாங்க."

"நேத்தா?"

"சனிக்கிழமைதோறும் வாங்குதாங்கல்லா. நீங்க ஆபீஸ் போயிருப்பீங்க." அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். "சாருக்குத் தெரியாதோ?"

தெரியாது என்று சொல்லவில்லை. சரிபார்க்க வேண்டும் என்றேன். அவர் பொய் சொல்வதாக நான் நினைப்பதாய் எண்ணினாரோ என்னவோ, வாட்ஸப்பைத் திறந்து ஒரு குரல் செய்தியை ஓடவிட்டார். என் மனைவியின் குரல், பின்னணியில் எங்கள் மிக்ஸி.

"அண்ணாச்சி, உளுந்து ஒண்ணு, துவரம்பருப்பு அரை, ரவை அரை. பன்னண்டு மணிக்குள்ள குடுத்துடுங்க. நாளைக்கு ஸ்கேல் நாள்."

விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, சின்னச் சின்னச் செய்திகளாகப் போய்க்கொண்டே இருந்தது. அடுத்ததை ஓடவிடப் போனவரிடம் போதும் என்றேன்.

"ஆப் பராபர், கரெக்டா வேலை செய்யுது சார்" என்றார் ஆறுதலாக. "அக்காதான் அதுக்குச் சொல்லாம வாங்கிட்டாங்க."

வீட்டுக்கு வந்தபோது மனைவி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"நேத்து உளுந்து வாங்கினியா?"

கத்தி ஒரு நொடி நின்றது. "அண்ணாச்சி சொல்லிட்டாரா? வாயே நிக்காது அவருக்கு."

"எத்தனை நாளா?"

"எத்தனை நாள்னா? உங்க அக்கா வந்துட்டுப் போனாங்களே, அதுல இருந்து."

என் அக்கா குடும்பம் வந்து ஒன்பது நாள் தங்கியது நான்கு வருடத்துக்கு முன்பு.

"அந்த ஞாயித்துக்கிழமை அரிசி கோட்டுக்கு ரெண்டு சென்டிமீட்டர் கீழ இருந்துச்சு. காரணம் சொல்லுன்னீங்க. உங்க அக்கா சாப்பிட்டாங்கன்னு சொன்னேன். எந்த வேளைக்கு எத்தனை டம்ளர்னு கேட்டு எழுதினீங்க, மறந்துடுச்சா? அவங்க மாப்பிள்ளை ரெண்டாவது தடவ சாதம் போட்டுக்கிட்டதக் கூட எழுதினீங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"சரியா கோட்டுல எப்படி நிக்கும்? நீ அளந்ததே இல்லையே."

"நான் எதுக்கு அளக்கணும்? நீங்கதான் கோடு போட்டு வச்சிருக்கீங்களே. அது வரைக்கும் கொட்டுவேன், நீங்க வேலை இல்லாம இருந்தப்ப மத்தியானம் தூங்கற நேரமா பார்த்து. சில வாரம் கம்மியா செலவாகும். அப்ப எடுத்து ஒளிச்சு வச்சுடுவேன்." மேல் அலமாரியைக் கத்தியால் காட்டினாள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் இருந்தன. என் கணக்கில் இல்லாத சரக்கு. ஸ்டோர்ஸில் இருந்திருந்தால் இதற்கு விசாரணை வைத்திருப்பேன்.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். இரண்டு வருடம் முன்பு மே மாதம் மகள் விடுதியிலிருந்து வந்து முழு மாதமும் இருந்தாள். அரிசி ஒரு மில்லிமீட்டர்கூட அதிகம் குறையவில்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை. 'பிள்ளைகள் இப்போதெல்லாம் சாப்பிடுவதே இல்லை' என்று டைரியில் கவலையோடு எழுதியிருந்தேன். நாங்கள் பன்னிரண்டு நாள் ஊரில் இல்லாத டிசம்பரிலும் பருப்பு முறைப்படி குறைந்தது. அதற்கு எதுவும் எழுதவில்லை. கோட்டில் இருந்ததற்குக் காரணம் தேடும் வழக்கம் எனக்கு இல்லை.

என் வீடு என்ன சாப்பிடுகிறது என்பதை அல்ல, என் கோடுகளையே நான் நான்கு வருடம் அளந்திருக்கிறேன். அதைத்தான் நாளைக்குப் பதினொரு மணிக்கு ஒரு குடும்பத்தின் பசி என்று காட்டப் போகிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளே பேச்சை எடுத்தாள்.

"நாளைக்குக் காட்டுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"தப்புக் கணக்கு அது."

"பார்க்க நல்லா இருக்குல்ல? அந்தப் பொண்ணு அசந்துபோனான்னு நீங்கதான சொன்னீங்க. வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் திருத்திக்கோங்க. அண்ணாச்சி வாயை நான் அடைக்கிறேன்."

"எல்லார் வீட்டுலயும் உளுந்து தீந்து போய் நிப்பாங்க. ஆப்பு ஆகஸ்ட் மூணுன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்."

"நின்னா என்ன? அண்ணாச்சிக்கு ஒரு போன் போடுவாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "போன தடவ வேலை இல்லாம இருந்தப்ப வீட்டுல எல்லா டப்பாவுக்கும் நீங்க கோடு போட ஆரம்பிச்சீங்க. மறுபடி வீட்டுல இருந்தீங்கன்னா எனக்கும் போடுவீங்க. அதான் சொல்றேன்."

முதல் நோட்டைத் தேடி எடுத்தேன். தேதியைப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. முதல் நோட்டு தொடங்கியது நான் வேலையில்லாமல் இருந்த மூன்றாவது வாரத்தில்.

சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு வரை அவளிடம் கேள்வி கேட்டேன். வாரத்துக்கு எத்தனை முறை இட்லிக்கு ஊறப்போடுகிறாள், எவ்வளவு. "இருக்கறதைப் பார்த்துப் போடுவேன்" என்றாள். மழை நாளில்? "கூட." யாராவது வந்தால்? "வந்தாப் பாத்துக்கலாம்." இரண்டு மணி நேரத்தில் ஆப்பில் ஏற்றக்கூடிய ஒரே ஓர் எண் கூடக் கிடைக்கவில்லை. ஆறு மணிக்கு எழுந்து போய்விட்டாள். ஒன்பதரைக்குப் படுத்தேன்.

ஜூலை 14, திங்கள். ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே மேனேஜருக்குச் செய்தி எழுதினேன்: இன்று காட்டவிருந்த நான்கு வருடக் கணக்கு செல்லாது, அளந்தது நான், நிரப்பி வைத்தது என் மனைவி, முதலாளிகளிடம் நானே சொல்கிறேன். இரண்டு முறை படித்து, எழுத்துப்பிழை பார்த்து, ஐந்து ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன். பல் துலக்கியது அதற்குப் பிறகுதான். துலக்கிவிட்டு வந்திருந்தால் மனம் மாறியிருக்கும்.