எட்டு வாரச் சக்களத்தி

என் கல்யாணச் சீரில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு துவாய், குளித்துத் துடைக்கிற துண்டு. வெள்ளை நிறம், இரண்டு ஓரத்திலும் நீலக் கரை, கையில் எடுத்தால் கனம் தெரியும். என் சித்தப்பா ஹட்டன் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதைப் புழங்கிக் கெடுத்துவிடக் கூடாது என்று ட்ரங்குப் பெட்டியின் அடியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தேன். அது முதன்முதலாக வெளியே வந்தது ஒரு நாயின் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவதற்காக. எடுத்தவர் என் வீட்டுக்காரர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் டிஸ்பென்சராக இருந்தார். மருந்து கலந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போய்க் காய்ச்சல்காரர்களைப் பார்ப்பது எல்லாம் அவர்தான். தோட்டத்துச் சனங்களுக்கு அவர் டாக்டரய்யா. என் அப்பா றொசல்லப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். எட்டாவது வரை படித்திருந்த எனக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை அமைந்ததில் வீட்டில் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. நல்ல மனுஷர்தான். குடிக்க மாட்டார், கத்த மாட்டார். பேசவும் மாட்டார். “சோறு ஆச்சா”, “மழை வரும் போல”, “கதவத் தாழ் போட்டுக்க” என்று மூன்று வாக்கியத்தில் அவருடைய நாள் முடிந்துவிடும். சுபாவமே அப்படி என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஜூடி வந்த பிறகுதான் அவருக்குப் பேசத் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்தது.

ஜூடி, தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் சம்சாரம், பெரிய பங்களாத் தொரைசானி வளர்த்த கறுப்பு நாய். தேயிலைச் சரிவில் முயலை விரட்டிக்கொண்டு ஓடியபோது பின்னங்கால் முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது. தொரை அதைக் காரில் போட்டுக் கண்டிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த மிருக வைத்தியர் அதன் தொடையிலிருந்தே சவ்வை ஒரு நாடாவைப் போல வெட்டியெடுத்து, மூட்டுக்குள்ளே செலுத்தி, அறுந்ததற்குப் பதிலாக வைத்துத் தைத்திருந்தார். தைத்ததைவிட அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலையாம். பங்களாவிலோ எந்தப் பக்கம் போனாலும் படிக்கட்டு, வழுக்குகிற மெழுகுத் தரை. தொரைசானியும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இங்கிலாந்துக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் நாய் நாலு காலில் நடக்க வேண்டும் என்று தொரை சொல்லிவிட்டார். அப்படித்தான் ஜூடி எங்கள் குவாட்டர்ஸ் முன்னறைக்குக் குடிவந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை.

வைத்தியர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்ததை என் வீட்டுக்காரர் படித்துச் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் எனக்கு அந்த வேலை. முதல் இரண்டு வாரம் ஒன்றுக்கு இரண்டுக்குப் போவதற்கு மட்டும் எழுப்ப வேண்டும், அப்போதும் வயிற்றில் துணி கொடுத்துப் பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து கயிற்றில் பிடித்து ஐந்து நிமிஷ நடை. எட்டு வாரம் முடியும்வரை ஓடக் கூடாது, தாவக் கூடாது, படி ஏறக் கூடாது. கொழுத்துப்போகவும் கூடாது. எழுதி முடித்ததும் அதைக் கதவில் ஒட்டினார். என் கையாலேயே எழுதி, என் வீட்டுக் கதவிலேயே ஒட்டியிருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் படித்துக்கொண்டேதான் நடந்தேன்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை வைத்தியம் நடக்கும். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து முதலில் ஒத்தடம். பிறகு ஜூடியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையால் தொடையைத் தாங்கி, மறு கையால் பாதத்தைப் பிடித்து, காலை மெதுவாக மடக்கி நீட்டுவார். பத்துத் தடவை. “ஒண்ணு... ரெண்டு... அவ்வளவுதான் கண்ணு, இன்னும் கொஞ்சம்... மூணு...” என்று எண்ணுவார். எண்ணும்போது அவருடைய பார்வை அதன் காதிலேயே இருக்கும். காது பின்னால் சாய்ந்தால் வலிக்கிறது என்று அர்த்தமாம். உடனே நிறுத்திவிட்டுத் தலையைத் தடவுவார். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “இந்தா” என்பார், இல்லாவிட்டால் தொண்டையைச் செருமுவார். எனக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். அந்தக் குரலில் ஒரே ஒரு வார்த்தை எனக்கும் வேண்டியிருந்தது.

அடுத்த குவாட்டர்ஸில் இருந்த தோட்ட ஆபீஸ் கிளாக்கர் சம்சாரம் வேலிக்கு மேலே தலையை நீட்டி ஒரு நாள் கேட்டாள்: “என்ன தங்கச்சி, டாக்டரய்யாவுக்கு ரெண்டாந்தாரம் வந்திருச்சாமே. மூத்தவ நீ எப்பிடிச் சமாளிக்கிற?” நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். வந்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து ஜூடிக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி. கஞ்சிச் சட்டியை அதன் முன்னால் வைத்து, “கொட்டிக்கடி சக்களத்தி, நல்லாக் கொட்டிக்க” என்று தேன் ஒழுகச் சொல்லுவேன். இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த அந்த ஜீவன் வாலை ஆட்டி என் கையை நக்கும். அதற்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை என்பது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தி மட்டுமல்ல. டிஸ்பென்சரி எங்கள் வீட்டை ஒட்டித்தான் இருந்தது. காலையில் மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு முன்னறை நன்றாகத் தெரியும். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி, மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தவள், ஒத்தடம் நடப்பதை நின்று பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாதவள் போலச் சொன்னாள்: “எனக்கும் ஒரு வாலு மொளச்சிருந்தாத் தேவல.” வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காது சிவந்துபோய் உள்ளே எழுந்து போனார். மறுநாள் அடுப்பில் இரண்டு பானை வெந்நீர் வைக்கச் சொன்னார். அந்த அக்காவைத் திண்ணென்ற பலகை பெஞ்சில் உட்கார வைத்து, அவள் முழங்காலுக்கும் ஒத்தடம் கொடுத்தார். செய்தது நியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டாவது பானையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, இந்தத் தோட்டத்தில் முழங்கால் நன்றாக இருப்பது நான் செய்த பாவம் என்று தோன்றியது.

ஆறாவது வாரத்தில் ஒரு நாள். ஐப்பசி மழை அன்று காலையில் கொஞ்சம் விட்டிருந்தது. ஜூடியின் கஞ்சியை வடிக்கும்போது சட்டி சாய்ந்து என் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. வாயைக் கடித்துக்கொண்டு கையைத் தண்ணீருக்குள் விட்டேன். சட்டி உருண்ட சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார். “இந்தா, ஜூடிக்குக் கஞ்சி ஆறிருச்சா?” அவ்வளவுதான். பிறகு கீழ் லயத்தில் காய்ச்சல் என்று கிளம்பினார். போகும்போது, ஜூடியை மத்தியான நடைக்குக் கூட்டிப்போகும்படி என்னிடம் சொன்னார். “கயித்த மட்டும் விட்டுராத” என்று இரண்டு தடவை சொன்னார்.

தபால் கந்தோரிலிருந்து காக்கிப் பையோடு தோட்டத்துக்கு நடந்து வருகிற தப்பால்காரரை ஜூடிக்கு ஆகாது. கால் நன்றாக இருந்த காலத்தில் அவரைப் பங்களா வாசல்வரை விரட்டுமாம். அது எனக்குத் தெரியும். அன்று நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றபோது அவர் வளைவில் திரும்பினார். ஜூடி விறைத்தது. கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது என்று பிறகு ஊருக்கெல்லாம் சொன்னேன். நழுவவில்லை. குனிந்து, கழுத்துப் பட்டியிலிருந்த கொக்கியை என் விரலால்தான் கழற்றினேன். கால் போகட்டும், பங்களாவுக்கே போய்த் தொலையட்டும் என்று அந்த ஒரு கணம் முழுமனதோடு நினைத்தேன்.

ஜூடி ஓடியது. நாலு காலும் தரையில் படும்படி பத்துப் பன்னிரண்டு எட்டு ஓடி, ஈரப் புல்லில் வழுக்கி, ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து அலறியது. அந்த அலறலைக் கேட்டதும் எனக்குள் இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் கானுக்குள் குதித்தேன். கல்லில் பாதம் புரண்டு, கணுக்காலில் ஏதோ ‘மளுக்’கென்றது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். கீழ் லயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். குறுகலான கான், ஜூடியிடம் போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனார். அதன் முழங்காலைப் பிடித்துப் பார்த்தார், மடக்கினார், நீட்டினார், காதைப் பார்த்தார். தையல் தாங்கியிருந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

“ஒனக்கு வலிச்சா நீ வாய தொறந்து சொல்லுவ. அது சொல்லுமா?” என்றார்.

“நான் எப்பங்க சொல்லியிருக்கேன்?” என்றேன்.

அவர் ஜூடியை முதலில் வீட்டில் விட்டுவிட்டு வந்து என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். பெஞ்சில் உட்கார வைத்துக் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டார். போட்டுக்கொண்டிருந்தவர் என் மணிக்கட்டில் கொப்புளத்தைப் பார்த்துவிட்டார்.

“இது என்ன?”

“காலைல கஞ்சி பட்டதுங்க.”

“ஏன் சொல்லல?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “கயிறு நழுவலங்க. நான்தான் அவுத்து விட்டேன்” என்றேன். கட்டுத் துணி அவர் கையிலேயே நின்றுவிட்டது. அடிப்பார் என்று நினைக்கவில்லை. ஆனால் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். “ஏன்?” என்று மெதுவாகக் கேட்டார். “பொறாமைங்க” என்றேன். “யாரு மேல?” என்றார். “அது மேலதான். வேற யாரு மேல?”

முன்னறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஜூடி சேற்றுக் காலோடு என் துவாயின் மேல் படுத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. குழப்பமும் வெட்கமுமாக ஏதோ ஒன்று இருந்தது. “றொசல்லயில ரயில் ஏறினதுலேர்ந்து மஸ்கெலியாவுல பஸ்ஸ விட்டு எறங்குற வரைக்கும் நீ அழுதுகிட்டே வந்த. கட்டாயத்துல கட்டி வச்ச புள்ள போலன்னு நெனச்சேன். தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னுதான் ஒதுங்கி இருந்தேன்” என்றார்.

“எல்லாப் பொண்ணுந்தாங்க அழுவா” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கட்டை முடித்தார். முடித்த பிறகும் பாதத்திலிருந்து கையை எடுக்கவில்லை. “வலிக்குதா?” என்று கேட்டார். “வலிக்குதுங்க” என்றேன். அப்போது அவ்வளவாக வலிக்கவில்லை.

நாயின் மேல் ஒரு மனுஷி பொறாமைப்படுவாளா என்று இன்று என் மருமகள் சிரிக்கிறாள். ஹட்டனில் அவர்கள் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறது. சோபாவில் என் பக்கத்திலேயே படுக்கிறது. யாருக்கும் அதனால் ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் நாளெல்லாம் ஒருவரோடொருவர் பேசுகிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு வீட்டுக்கு வந்த அன்பு ஒரு படி அரிசி மாதிரி. யாருக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டேதான் இருப்போம். நான் சிரிப்பதில்லை.

எட்டு வாரம் முடிந்து தொரைசானி வந்து சேர்ந்தார். பங்களாவிலிருந்து கார் அனுப்பட்டுமா என்று கேட்டார்களாம். நடந்தே வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். ஜூடி நாலு காலையும் ஊன்றி, கொஞ்சமும் நொண்டாமல், பங்களா வேலைக்காரனோடு மேட்டு ரோட்டில் ஏறிப் போனது. வளைவில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு எஜமானி விசிலடித்ததும் ஓடியே போய்விட்டது. நான் வேலியோரம் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் தோள் குலுங்கியது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. ஆனால் இந்தத் தடவை அதை அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. கல்யாணமான முதல் ஆடிக்கு, முறைப்படி என் அம்மா வந்து என்னை ஒரு மாதம் றொசல்லவுக்குக் கூட்டிப்போயிருந்தாள். அதை வைத்துக் கேட்டேன்.

“ஆடிக்கு நான் போனேனே. அப்ப இப்பிடி அழுதீங்களா?”

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “அழுதேன். பாக்குறதுக்கு நீதான் இங்க இல்ல.”