மேசைக் கண்ணாடிக்கு அடியில் அப்பா

இன்று ரசச் சட்டியைச் சூடாகச் சாப்பாட்டு மேசையில் வைத்ததும், கண்ணாடிக்கு அடியில் ஈரம் கோத்த பழைய போட்டோக்களின் வாடை வந்தது; இடித்துவிட்ட எங்கள் திருநகர் வீட்டின் வாடை.

அங்கே இதே கண்ணாடிக்கு அடியில், அவரவர் உட்காரும் இடத்தில் அவரவர் படம் இருந்தது. துபாயில் வேலை பார்த்த அப்பாவின் படத்தின் மேல் எதையும் வைக்கக் கூடாது. "அப்பா மூஞ்சில சூடு வைக்காதடி, தள்ளி வையி" என்பாள் அம்மா.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்த அப்பா தன் இடத்தில் தட்டை வைத்தபோது, ஐந்து வயதான நான் அவரிடமே சொன்னேன்: "அங்க எங்கப்பா இருக்காரு, தள்ளி வைங்க."

அவர் தட்டைப் படம் இல்லாத மூலைக்கு நகர்த்திக்கொண்டார். லீவு முடியும்வரை அங்கேயே சாப்பிட்டார்.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். மூன்று படங்களுக்கும் இடம் விட்டு, நானும் அந்த மூலையில்தான் சாப்பிடுகிறேன்.