மேரி மேடத்தின் ஃப்ரீசரை அணைத்தது யார்

மேரி மேடம் போய்விட்டார். இன்று காலை, முகையூரில், அண்ணன் வீட்டில். ஹார்ட் அட்டாக்.

டாக்டர் ஆரோக்கியமேரி. குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோயைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்தவர். திண்டிவனத்தில் அவருடைய லேபில் நான் டெக்னீஷியனாக இருந்தேன்.

மதியத்துக்குள் எங்கள் பழைய ஆபீஸ் வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. ‘அறிவியல் வானின் துருவ நட்சத்திரமே’யாம். இருந்தவரைக்கும் அவரை ஒரு மனுஷியாகக்கூட மதிக்காதவர்கள்... வயிறு எரிகிறது.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்கிறார், "சுகர் ஆராய்ச்சி பண்ணவங்களுக்கே சுகரா?" என்று. ஐயா, அவருக்குச் சுகரே கிடையாது. தெரியாவிட்டால் சும்மா இருங்கள்.

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் நாங்கள் ரத்தம் எடுக்கப் போன ஒரு வீடு. ஆறு வயதுப் பெண்ணுக்குத் தினமும் இன்சுலின் ஊசி. "இனிப்பக் குடுத்துக் குடுத்தே புள்ளையக் கெடுத்துட்டா" என்று மாமியார் மருமகளைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார்.

மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இனிப்புக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லமா. ஒடம்பக் காவல் காக்கற அணுங்களே தப்பா நெனச்சிக்கினு இன்சுலின் சுரக்கற எடத்த அடிச்சிடுது. அதுக்கு இவ இன்னா பண்ணுவா?"

அந்த மருமகள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

இப்படிப்பட்ட வீடுகளில் நோய் வந்த பிள்ளையின் அக்கா, தம்பிகளின் ரத்தத்தையும் வருஷா வருஷம் எடுத்து உறையவைப்போம். நோய் தலைகாட்டுவதற்கு எத்தனை நாள் முன்பே அதன் அடையாளம் ரத்தத்தில் வருகிறது என்று பின்னால் போய்ப் பார்க்க. "முன்னாடியே தெரிஞ்சா, புள்ள மயங்கி உழற வரைக்கும் காத்துக்கினு இருக்க வேணாம்ல?" என்பார்.

ஒருமுறை விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது கண்டக்டர் எங்கள் தெர்மாகோல் பெட்டியைப் பார்த்துக் கத்தினார். "இன்னாம்மா, மீன் பொட்டியத் தூக்கிக்கினு ஏறுறீங்க? கவிச்சி அடிக்கும், எறங்குங்க!"

"மீன் இல்லண்ணா. புள்ளைங்க ரத்தம்" என்றார் மேடம், சாதாரணமாக. பஸ்ஸே கப்சிப். கண்டக்டர் தன் சீட்டையே பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்... திண்டிவனம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஒன்பது வருஷம் அப்படிச் சேர்த்தது. எல்லாம் மைனஸ் எண்பது டிகிரியில், ஒரே ஃப்ரீசரில்.

அந்த வருஷம் ஆயுதபூஜை. மேடம், அண்ணன் மகள் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக லீவில் முகையூர் போயிருந்தார். நாங்கள் எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்தோம்.

"பூஜை போட்டா மெஷினுக்கு ரெஸ்ட் குடுக்கணும்பா. எல்லாத்தையும் ஆஃப் பண்ணு" என்றார் துறைத்தலைவர்.

"சார், ஃப்ரீசரு..."

"அது மட்டும் மெஷின் இல்லியா? கதவத் தொறக்காம இருந்தா ஐஸ் எங்க போயிடப் போவுது? ஜல்தி பூட்டிக்கினு கெளம்பு."

மூன்று நாள் விடுமுறை. திரும்பி வந்தபோது ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர்.

மேடம் கத்தவில்லை. ஒவ்வொரு குழாயாக எடுத்து லேபிளில் இருந்த பெயரைப் படித்துப் படித்து வைத்தார். கடைசியில் "யாரு ஆஃப் பண்ணது?" என்று கேட்டார்.

துறைத்தலைவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். விசாரணை அறிக்கையில் ‘பொறுப்பாளரின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். பொறுப்பாளர் மேடம்தான். ரிட்டையர் ஆகும்வரை அந்த ஒரு வரியைச் சொல்லியே அவருடைய ஒவ்வொரு புராஜெக்டையும் திருப்பி அனுப்பினார்கள். என்ன அநியாயம் இது!

விடாமல் மறுபடி ஊர் ஊராகப் போனார். ஒரு அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "போன தபா எடுத்ததுல்லாம் இன்னாங்க பண்ணீங்க? எம்புள்ள எப்டி அழுதுச்சு தெரியுமா?"

"கெட்டுப்போச்சும்மா. என் தப்புதான்" என்று மேடம் கைகூப்பினார். பக்கத்தில் பெட்டியோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

சுவிட்சை அணைத்தவன் நான். அணைக்கச் சொன்னவர் இன்று ‘ஆழ்ந்த இரங்கல்’ போட்டிருக்கிறார். அந்த விசாரணை அறிக்கையில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது... என்னைப் பர்மனென்ட் ஆக்கும் ஃபைல் அப்போது அவர் மேஜையில் இருந்தது.

ரத்தம் கொடுத்த வீடுகளில் யாராவது இதைப் படித்தால்... உங்கள் பிள்ளைகளின் ரத்தத்தை வீணாக்கியது மேடம் இல்லை.

நாளைக் காலை முகையூர் சர்ச்சில் பூசை, பிறகு அடக்கம். வருகிறேன் மேடம்.