திருப்பிக் கொடுத்த ராஜினாமா

மில் மேனேஜர் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிய அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு நூல் மில்லின் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். மூத்தவள் பிறந்து, பிரசவ லீவில் இருந்தேன். மேனேஜர் அதிகம் பேசாதவர். நான் அடித்துக் கொடுத்ததில் பிழை இருந்தால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் வெயிலில் காவிரிப் பாலம் தாண்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காபி கொடுத்த கையோடு என் சந்தோஷத்தையும் சொல்லிவிட்டேன். ஒரு கான்வென்ட் பள்ளியில் எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்திருந்தது. என் கணவருக்கு அப்போது நிலையான வேலை கிடையாது. மில்லிலோ ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. கிடைத்ததை விட்டுவிடக் கூடாதென்று ராஜினாமாவை எழுதியே வைத்திருந்தேன். "நானே கொண்டுவந்து தரணும்னு இருந்தேன் சார், நீங்களே வந்துட்டீங்க" என்று சிரித்தபடி நீட்டினேன்.

வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்துவிட்டு, மடித்து என்னிடமே நீட்டினார்.

"இதை இப்பக் கொடுக்காதீங்கம்மா. லீவு முடியற வரைக்கும் உங்களை நிறுத்த முடியாது. லீவுச் சம்பளமும் உண்டு. அப்புறம் ஆட்குறைப்புன்னு அவங்களா அனுப்பினா நஷ்டஈடு தந்துதான் அனுப்பணும். நீங்களா எழுதிக் கொடுத்துட்டா எதையும் கேட்க முடியாது."

"அதுக்குள்ள ஸ்கூல் வேலை போயிடுமே சார்?"

"தலைமை சிஸ்டரை எனக்குத் தெரியும், எங்க சர்ச்சுக்கு வர்றவங்கதான். நான் பேசறேன்."

பேசினார். கைக்குழந்தையோடு இப்போதே ஓடிவர வேண்டாம், மில் விவகாரம் முடிந்து வரட்டும் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். லீவு முடிந்து நான் மில்லுக்குத் திரும்பியதும் ஆட்குறைப்பு வந்தது. என் பெயரும் இருந்தது. அந்த நஷ்டஈட்டில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. என் கணவர் பதற்றமில்லாமல் பரீட்சை எழுதி ரயில்வேயில் சேர்ந்தார். நான் பள்ளிக்குப் போனேன்.

மேனேஜரை மட்டும் மணப்பாறைப் பக்கம் ஒரு பஞ்சுக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. மகள் நடக்கத் தொடங்கியதும் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தபோது தடுத்துவிட்டார்.

"அன்னிக்கு உங்ககிட்ட ராஜினாமா எழுதி வாங்கிட்டு வரச்சொல்லித்தாம்மா முதலாளி என்னை அனுப்பினார். என்ன சொல்லி வாங்கறதுன்னு பாலம் முழுக்க யோசிச்சுக்கிட்டே வந்தேன். நீங்க சந்தேகப்பட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தாக்கூட, எதையாவது சொல்லி வாங்கிட்டுப் போயிருப்பேன். சிரிச்சுக்கிட்டே நீட்டிட்டீங்க. எனக்கு மனசு வரலை."

மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தையைப் பார்க்க வந்த நல்ல மனிதர் என்றுதான் அதுவரை அவரை நினைத்திருந்தேன். வேலையைப் பறிக்க வந்தவர் மனம் மாறித் திரும்பிப் போனார் என்று தெரிந்தபின், இத்தனை வருஷத்தில் என் நன்றி கூடித்தான் இருக்கிறது.