பொங்னிம் அக்கா வீட்டின் நடுவே போன வழி

பொங்னிம் அக்கா வீடு தேடி அலைந்தபோது எத்தனை அறை, கூரை ஒழுகுமா என்றெல்லாம் கேட்கவே இல்லை. சுற்றுச்சுவர் இருக்கிறதா, கேட்டைப் பூட்ட முடியுமா என்று மட்டும்தான் கேட்டாள். தோங்யோங் துறைமுகத்தில் சிப்பி உரிக்கும் கொட்டகையில் பல வருஷமாக அவளுக்குப் பக்கத்து இடம் என்னுடையது. எதற்காக அப்படிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் தொக்சே நெத்திலிப் படகில் எஞ்சின் பார்த்தவர். அறுபது ஆவதற்குள் மறதி நோய் வந்துவிட்டது. பேர் மறந்தது, மகள் முகம் மறந்தது, நடக்க மட்டும் மறக்கவில்லை. அப்போது துறைமுகத்தை ஒட்டிய மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அக்கா குளிக்கப் போனால் போதும், மனுஷன் படியிறங்கிவிடுவார். தேடிப் போனால் யாருடைய படகிலாவது கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பார். படுக்கும்போது அவர் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் துணியால் கட்டிக்கொள்வாள். காலையில் கொட்டகைக்கு வரும்போது கையில் அந்தத் தடம் சிவந்து கிடக்கும்.

"முதியோர் ஆஸ்பத்திரியில விட்டுடேன் அக்கா" என்றேன் ஒருநாள்.

"கட்டில்ல கட்டிப் போடுவாங்கடி. வெளிக்காத்துல நடந்தாத்தான் அந்த மனுஷன் அழாம இருக்காரு. நாலு சுவருக்குள்ள ஒரு முற்றம் கெடைச்சா நாள் பூரா நடக்கட்டும், நான் நிம்மதியா வேலைக்கு வருவேன்."

மலையடிவாரத்தில் கல்மோக் என்ற சின்ன ஊரில் அப்படி ஒரு வீடு கிடைத்தது. தோள் உயரத்துக்குக் கல் சுவர், இரும்புக் கேட், உள்ளே நல்ல அகலமான முற்றம். வீட்டைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். கேட்டிலிருந்து முற்றத்தின் குறுக்கே போய்ப் பின்சுவரில் ஒரு இடைவெளி வரை மண் இறுகி, புல் முளைக்காமல் கிடந்தது.

"இது என்னங்க?" என்று அக்கா தரகரிடம் கேட்டாள்.

"பின்னாடி வீட்டுக்காரங்க இப்படிக்கா வந்து போவாங்க. கிராமம்தானேம்மா! பத்திரத்துல ஒரு புள்ளிகூட வில்லங்கம் இல்ல, வேணும்னா நீங்களே எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தாள். உண்மையில் ஒன்றும் இல்லை. பின்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்க அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிவிட்டாள்.

குடிபோன அன்றே கேட்டுக்குப் பூட்டு போட்டாள். தொக்சே முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து மணிக்கட்டில் துணிக் கட்டு இல்லாமல் தூங்கினேன் என்று சொன்னாள்.

விடிந்ததும் கேட்டில் இடி மாதிரி சத்தம். பின்வீட்டு ஹாக்கு, உரமூட்டை ஏற்றின கைவண்டியோடு உள்பக்கம் நின்று பூட்டை உலுக்கிக்கொண்டிருந்தார். பூண்டு பயிரிடுகிறவர், ஊரில் வாய்க்குப் பேர்போனவர்.

"யாரு பூட்டுனது? எங்களை ஆட்டுக்குட்டின்னு நெனைச்சுட்டியா, பட்டியில அடைக்க?"

"அண்ணே, இது எங்க முற்றம்..."

"முற்றம் உன்னுது. வழி எங்களுது! எங்கப்பா பிணம் போனதும் இது வழியாத்தான், எம்பொண்டாட்டி கல்யாணமாகி வந்ததும் இது வழியாத்தான். பின்னாடி பாறை, ரெண்டு பக்கமும் வேலி போட்ட அடுத்தவன் வயல். பறந்தா போறது?"

அக்கா கையைக் கூப்பாத குறையாகப் புருஷன் நிலைமையைச் சொன்னாள். ஹாக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த தொக்சேயைப் பார்த்தார். கொஞ்சம் தணிந்து, "சரி, ஒரு சாவி குடு" என்றார்.

சாவி கொடுத்தாள். ஆனால் வண்டியை இரண்டு கையாலும் தள்ளுகிற மனுஷன் எப்படித் திரும்பி வந்து பூட்டுவார்? பாதி நாள் கேட் திறந்தே கிடக்கும். தானாக மூடட்டும் என்று அக்கா கேட்டில் ஸ்பிரிங் மாட்டினாள். அது ஹாக்குவின் முழங்காலைப் பதம் பார்த்தது. மறுநாளே கேட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பியால் கட்டிவைத்துவிட்டார்.

"உன் புருஷனுக்கு மூளை கெட்டுப்போச்சுன்னா அதுக்கு எங்க காலை ஒடிக்கணுமா?" என்று கத்தினாராம்.

அன்றைக்குக் கொட்டகையில் அக்கா கத்தியைப் பிடித்தபடி சிப்பியை உரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் செங்கல் வாங்கிப் போய்ப் பின்சுவர் இடைவெளியைத் தானே அடைத்துவிட்டாள். சிமெண்டு பூசத் தெரியாமல் விரலெல்லாம் வெந்துபோயிருந்தது.

ஹாக்கு வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். பயந்துபோய் இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த இளம் வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"நாலு பக்கமும் அடுத்தவங்க நிலம் சூழ்ந்து, ரோட்டுக்குப் போக வேற வழியே இல்லாத வீட்டுக்குச் சட்டமே வழி குடுக்குதும்மா. அது பத்திரத்துல இருக்கணும்னு அவசியம் இல்ல. அந்த வீடு எங்க நிக்குதுன்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்போ என் பூட்டு?"

"அவங்க போக்குவரத்துக்கு இடைஞ்சலா இருந்தா போடக் கூடாது. வேணும்னா உங்களுக்குத் தொந்தரவு குறைவா இருக்கிற ஓரமா வழியை மாத்தித் தரலாம். நடுவுல ஒரு வேலி போட்டுக்கலாம். அவரோட பேசிப் பாருங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா, "இதை வாங்குறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா?" என்றாள்.

செங்கல்லைத் தானே இடித்து எடுத்தாள். ஹாக்குவிடம் போய்ச் சுவரோரமாக வழியை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். "அந்த ஓரத்துல உன் விறகுக் கொட்டகை நிக்குது, வண்டி திரும்பாது" என்றார் அவர். கொட்டகையை இடித்துத் தருகிறேன் என்றாள். பூண்டு அறுவடை முடியட்டும் பார்க்கலாம் என்றார். அறுவடைக்கோ இன்னும் குளிர்காலம் முழுக்க மிச்சம் இருந்தது.

சிப்பிக்கு அதுதான் உச்சக் காலம். விடுப்பு எடுத்தால் இடம் போய்விடும். கட்டிப் போடுவார்கள் என்று ஆஸ்பத்திரிக்கே அனுப்பாதவள், அவரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வர ஆரம்பித்தாள். திரும்பிப் போகும்போது தொக்சே கதவை அடித்து அடித்து உள்ளங்கை வீங்கிக் கிடப்பார். நாலு நாள்தான் தாங்கினாள். ஐந்தாம் நாள் திறந்து விட்டுவிட்டு வந்தாள். "கேட்டைச் சாத்திட்டுப் போங்கண்ணேன்னு காலைப் புடிக்காத குறையா சொல்லியிருக்கேன்" என்றாள் என்னிடம்.

அன்றைக்கு ஹாக்கு மறக்கவில்லை. நன்றாகத்தான் சாத்தியிருந்தார். மதியம் அவர் பெண்டாட்டிக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். கேட்டை அகலத் திறந்து, ஸ்ட்ரெச்சரை முற்றம் வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த வழி இல்லாவிட்டால் அந்த அம்மா பிழைத்திருக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னாராம். அந்த அவசரத்தில் கேட்டை யார் பார்த்தார்கள்? ஆம்புலன்ஸ் போன பிறகு தொக்சேயும் வெளியே நடந்துவிட்டார்.

கொட்டகைக்கு ஃபோன் வந்ததும் நாங்கள் எல்லோரும் ரப்பர் பூட்ஸோடு ஓடினோம். பனிக்காற்று முகத்தை அறுத்தது. அக்கா கடற்கரை நெடுக அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனாள். தொண்டை கட்டி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. இருட்டும் நேரத்தில், சேற்றில் கவிழ்ந்து கிடந்த ஒரு பழைய படகு ஓரமாக அவரைக் கண்டுபிடித்தோம். இடுப்பு வரை தண்ணீரில் நனைந்து, கை விறைத்து, ஒரு மரக்கட்டையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எஞ்சின் புடிக்கமாட்டேங்குது" என்றார்.

அக்கா அவரைக் கட்டிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வாங்க, நான் பாக்குறேன். நான் பாக்குறேங்க."

உயிர் பிழைத்தார். நுரையீரலில் சளி கட்டி, கால்விரல்கள் கறுத்து, இரண்டை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. அக்கா எதற்குப் பயந்தாளோ அதே முதியோர் ஆஸ்பத்திரியில், கம்பி போட்ட கட்டிலில்தான் படுத்திருக்கிறார்.

பெண்டாட்டி தேறி வந்த பிறகு ஹாக்கு வேலிக் கம்பமும் கம்பியும் கொண்டுவந்து இறக்கினார். விறகுக் கொட்டகையைத் தானே பிரித்துப் போட்டார்.

"ஓரமா வழி வெச்சுக்கலாம்மா. முற்றம் உனக்கு முழுசா இருக்கட்டும்."

"இப்ப யாருக்குண்ணே முற்றம்?" என்றாள் அக்கா.

அவர் கம்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். அக்காவே கடைசியில் போய் அதன் இன்னொரு முனையைப் பிடித்துக் குழியில் இறக்கினாள். அவரை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டை விற்றாக வேண்டும். அதே தரகர்தான் ஆள் கூட்டிவருகிறார். போன வாரம் பூசான் நகரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர்களுக்குக் கல் சுவர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அக்கா அவர்களை நேரே ஹாக்கு வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

"இந்த வீட்டுக்கு எங்க முற்றத்தை விட்டா வேற வழி இல்ல. காலையிலயும் சாயங்காலமும் வண்டி வரும். வேலி போட்ட அந்த ஓரத்தை நீங்க எப்பவும் அடைக்க முடியாது. ஒத்துக்கிட்டா வாங்குங்க."

அந்தப் பெண் புருஷன் முகத்தைப் பார்த்தாள். கார் கிளம்பிவிட்டது.

"வாயை வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்கக் கூடாதாம்மா? காசு வேணுமா வேணாமா உங்களுக்கு?" என்று தரகர் குதித்தார்.

"வேணும்" என்றாள் அக்கா. "ரொம்ப வேணும்."

அடுத்த ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று என்னை அவசரப்படுத்தினாள்.