கடலுக்குப் போய்த் திரும்பிய கல்

போன மாதம் திண்டுக்கல் நாகல் நகரில் டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாடகை வீடு. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கம் ஆப்பு போலச் சரிந்தது. சரிந்த பக்கம் டயர் பட்டுப்பட்டு வழுவழுப்பாகியிருந்தது. அடிப்பக்கத்தில், அது உடைபட்டு வந்த பாறைக் குன்றான எங்கள் கரட்டின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. அந்தக் கல்லை எனக்கு நன்றாகத் தெரியும். லாரி நின்றதும் குதித்து இறங்கி அதைப் பின்சக்கரத்துக்கு அடியில் திணிப்பதுதான் ஒரு காலத்தில் என் பிழைப்பு.

ஏழாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்கு வாழைப்பழம் உரித்தேன். ஒட்டன்சத்திரத்தில் தக்காளிப் பெட்டி சுமந்தேன். எங்கேயும் கால் தங்காது. டிரைவர் அண்ணனிடம் மட்டும் சில வருடம் கிளீனராக இருந்தேன். லாரி ஓரிடத்தில் நிற்காது என்பதால் இருக்கலாம். அவர் ஒல்லியான ஆள். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஹாரனை அழுத்துவார். மற்ற நேரம் வாய் ஓயாது. "கல்லுக்கு ஊரு கிடையாதுலே, இறக்குற எடந்தான் ஊரு" என்று அடிக்கடி சொல்வார். கிளீனருக்கும் அதே கதைதான் என்று சேர்த்துக்கொண்டு சிரிப்பார்.

செம்பட்டி போகிற வழியில் ஒரு கரடு இருந்தது. வெடி வைத்துப் பிளந்த பாறைகளை அங்கே ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைக்குப் போவோம். அங்கே ஒரு மீனவர் ஊரைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் கை நீட்டியதுபோலக் கல்லைக் கொட்டி, தூண்டில் வளைவு கட்டினார்கள். அந்த ஊருக்குப் போக வேண்டுமானால், அதற்கு வடக்கே இருந்த இன்னொரு ஊரின் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வடக்கே இருந்த அந்த ஊர்தான் டிரைவர் அண்ணனின் மாமியார் ஊர்.

அவர் திண்டுக்கல் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, விவசாயக் குடும்பம். வாலிபத்தில் மீன் வண்டிக்கு ஐஸ் ஏற்றிப் போன இடத்தில் மதினியைப் பார்த்துக் கட்டிக்கொண்டார். ஒரே கோயில், ஒரே பூசை என்றாலும் கடல் சனத்துக்கு அவர் வெளியாள்தான். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் அந்த ஊரில் அவருக்குப் பெயர் 'ஐஸ்காரன்'. மருமகன் என்று மாமியார்கூடக் கூப்பிட்டதில்லை. அந்த ஊரிலேயே, மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து ஒரு வீடு கட்டினார். அடுப்படிக்கு மட்டும் சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டார். லாரியை விட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. ஊர் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அதற்குள்ளே அடக்கம்.

கல் வேலை தொடங்கிய நாள் அந்த ஊர்ப் பெண்கள் மீன் கூடைகளோடு தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். போட்டால் இரண்டு ஊருக்கும் கல் போடு, இல்லாவிட்டால் எங்கள் தெருவில் லாரி போகாது என்றார்கள். எங்கள் வண்டிதான் முதலில் நின்றது. நான் இறங்கிக் கல்லை வைத்தேன். டிரைவர் அண்ணனும் இறங்கினார்.

"யாரு வண்டி?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"நம்ம ஐஸ்காரன் வண்டிதான். இப்ப உருகாத சரக்கு ஏத்தியாராரு" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஊர்த் தலைவர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு மாப்பிள்ளையை ஊர் எல்லையில் மறித்துத் திருப்பி அனுப்பினால் அவமானம் ஊருக்குத்தான். அவர் துண்டை உதறிக்கொண்டு, "மருமவன் வண்டிய மறிக்கிறது நமக்கு மரியாதையா? எந்திரிங்க பிள்ளையளா" என்றார்.

மாமியார் மட்டும் எழுந்திருக்கவில்லை. "மருமவனே, எங்க ஊருக்குக் கல்லு எப்ப வரும்?" என்று கேட்டாள். ஊரார் முன்னால் அவர் காதில் அந்தச் சொல் விழுந்தது அன்றைக்குத்தான். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அடுத்தது இங்கதான் மாமி. நானே கொண்டாந்து நம்ம வாசல்ல இறக்குறேன்" என்றார்.

கூடைகள் ஒதுங்கின. எங்களுக்குப் பின்னால் மற்ற லாரிகளும் போயின. அன்றிலிருந்து கான்ட்ராக்டர் எங்கள் வண்டியைத்தான் வரிசையில் முதலாவதாக விடுவார். அந்த ஆளுக்கு விவரம் தெரியும்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. அதுவும் என்னைப் போலத்தான். அந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். நடுவில் கல்லை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்கே போக வேண்டிய மணல் நின்றுபோகும். தெற்கு ஊருக்காரர்கள் புதிதாகச் சேர்ந்த மணலில் வள்ளத்தை ஏற்றி வைத்து வலை உலர்த்தினார்கள். வடக்கு ஊரில் கடல் ஏறியது. முதலில் கல்லறைத் தோட்டம் போனது. மாமனாரின் கல்லறைச் சிலுவையை அலை உருட்டிக்கொண்டு வந்து சந்தை மேட்டில் போட்டது. மறுநாளே திரும்ப எடுத்துக்கொண்டும் போனது. பிறகு முன்வரிசை வீடுகள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சுவர் விரியும். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள்.

யாரும் டிரைவர் அண்ணனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். போகும்போதும் வரும்போதும் மருமகனே, மருமகனே என்று கூப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டன. மாமியார் மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "நல்லாத் தின்னுங்க. எல்லா ஊருலயும் மாமியா வீடுதான் சீதனம் கொடுக்கும். எங்களுக்கு மருமவன் கொடுத்தாரு" என்பாள். அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு எழுவார். மதினி இரண்டு பேரிடமும் பேசுவதை விட்டுவிட்டாள்.

வடக்கு ஊருக்கும் கல் வேண்டும் என்று உத்தரவு ஒருவழியாக வந்தது. அதற்குள் டிரைவர் அண்ணன் வீட்டில் மிச்சம் இருந்தது பின்பக்க அடுப்படிதான். கல் வரிசை போட அளந்த கோடு சரியாக அதன்மேல் போனது. நல்ல மத்தியான வெயில். மேற்பார்வைக்காரன் விசிலடித்து, பின்னால் வா, வா என்று கைகாட்டினான். லாரி பின்னால் போய், சிவப்புத் தரையில் சக்கரம் ஏறி நின்றது. நான் இறங்கிக் கல்லை வைத்தேன். வைத்த இடம் மதினி மீன் அரியும் மூலை. சிமெண்டில் அரிவாள்மணை தேய்த்த கோடு தெரிந்தது.

"பின்னாடி எடம் இருக்காலே?"

"இருக்குண்ணே."

"தரை தாங்குமா?"

"தாங்கும்ணே."

தினமும் கேட்கிற கேள்விதான், தினமும் சொல்கிற பதில்தான். லாரியின் பின்தொட்டி உயர்ந்தது. பாறைகள் சரிந்து விழுந்தன. தரை தாங்கவில்லை. உடைமர நிழலில் நின்ற மாமியார் சத்தமாக, "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு எங்க மருமவன். வாசல்லயே இறக்கிட்டாரு" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள். அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அண்ணன் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஹாரனை அழுத்திய கையை வெகுநேரம் எடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அவர்கள் நாகல் நகருக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கரடு இருந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம்தான் இருக்கிறது. கல் வேறொரு கரட்டிலிருந்து போகிறது.

போன மாதம் நான் போயிருந்தபோது மதினியின் தங்கையிடமிருந்து போன் வந்தது. வடக்கு ஊருக்கும் வடக்கே வாழ்க்கைப்பட்டவள். நாங்கள் கொட்டிய கல் முடியும் இடத்தில் அவளுடைய ஊர் தொடங்குகிறது. போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார் அண்ணன்.

"அத்தான், கடலு எங்க படிக்கட்டுக்கு வந்துருச்சு. ஆனா இங்கயும் கல்லு போடப் போறாங்க. மொத வண்டிய நீங்கதான் கொண்டாரணும்" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"வாரேன் தாயி" என்றார்.

போனை வைத்ததும் மதினி கேட்டாள், "அவளுக்கு வடக்க யாரு இருக்கா?"

"ஒரு ஊரு இருக்கு." சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "அங்க நமக்கு யாரும் இல்ல."

மதினி தலையாட்டிவிட்டு, வெஞ்சனத்துக்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயைத் தொடர்ந்து நறுக்கினாள். அவர் என் பக்கம் திரும்பினார். "கிளீனர் ஆள் இல்லலே. வாரியா?"

எனக்கும் அந்த மாதம் வேலை இல்லை. குனிந்து கதவடியில் கிடந்த கல்லை எடுத்தேன். கைக்குப் பழகிய அதே கனம். நாங்கள் வெளியே வந்ததும் எங்களுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.