நனையாத மேடை

அம்மா இனிமேல் காலை மடக்கிக் கீழே உட்காரக் கூடாது என்று தர்மபுரி டாக்டர் சொன்னபோது நானும் கூட இருந்தேன். முழங்காலை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அழுத்திப் பார்த்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். உட்கார்ந்து சமைப்பதை விட்டால்தான் வீக்கம் வடியும், நின்று சமைக்க ஒரு மேடை போட்டுக் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர்தான். ஆனால் சிமெண்ட் மேடை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அந்தச் சமயத்தில் பொம்மிடிப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த மரக்கட்டைகளைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் கட்டைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய கட்டைகள் ஏலத்துக்கு வந்தன. அப்பா சிலவற்றை எடுத்து மில்லில் கொடுத்து அறுத்து, ஆசாரியை வைத்து இழைத்து, இடுப்பு உயரத்துக்கு மேடை செய்துவிட்டார். கரியாகக் கிடந்த கட்டைக்குள்ளிருந்து செக்கச்செவேல் என்று பலகை வந்தது. உண்மையிலேயே அழகான மேடை. வம்பே அதில்தான் வந்தது.

"ரயிலு போன கட்ட மேல சோறாக்கறதா" என்று அம்மா முகம் சுளித்தாள். ரயிலிலிருந்து என்னென்ன கீழே விழும் என்று யாருக்குத்தான் தெரியாது. அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டவ்வைத் தூக்கி மேடை மேல் வைத்துவிட்டு, "தண்ணி மட்டும் படாம பாத்துக்க. பட்டா மரம் ஊதிக்கும்" என்றார்.

சமையலறையில் தண்ணீர் படாமல் என்ன வேலை செய்வது? அரிசி களைவது, காய் அலசுவது, மாவு கரைப்பது எல்லாம் தரைக்கே திரும்பிப் போயின. ஸ்டவ் மட்டும் மேலே. முன்பெல்லாம் அம்மா உட்கார்ந்தால் சமையலை முடித்துவிட்டு ஒரேயடியாக எழுந்திருப்பாள். இப்போது அரிசி களைய உட்கார வேண்டும், உலையில் போட எழ வேண்டும், வெங்காயம் நறுக்க உட்கார வேண்டும், தாளிக்க எழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் "மாதாவே" என்று ஒரு முனகல். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது.

ஒருநாள் அம்மாவே கேட்டுவிட்டாள்.

"மழையிலயும் வெயில்லயும் அத்தன வருசம் கெடந்த கட்டைங்க இது. நான் அரிசி கழுவற தண்ணி பட்டா சளி புடிச்சுக்குமா?"

"அது அப்ப. இப்பதான் இழைச்சாச்சில்ல" என்றார் அப்பா, பெரிய விஞ்ஞானி மாதிரி.

அதோடு விட்டாரா? மாதா சுரூபம் வைத்த குகைக் கோயிலான கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தி அடிகளை, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் கேட்டு வாங்கி வந்தார். டப்பாவில் உருக்கி, கற்பூரத் தைலம் கலந்து, மேடை முழுக்கத் தடிமனாகத் தேய்த்தார். கோயில் மெழுகு என்பதால் கூடுதல் காவல் என்று அவருக்கு நம்பிக்கை. வருகிறவர்களை எல்லாம் உள்ளே கூட்டிப்போய் உள்ளங்கையால் தண்ணீரைத் தெளித்து, அது முத்து முத்தாக உருண்டு ஓடுவதைக் காட்டுவார். அவர் தெளித்தால் மட்டும் மரம் ஊதாது போலும். "குடுத்து வெச்சவ நீ. காலு வலிக்குதுன்னதும் வூட்டுக்காரரு மேடையே போட்டுட்டாரு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லும்போது, அம்மா தரையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கோ அப்பாவை நினைத்து ஒரே பெருமை.

கெபித் திருவிழாவுக்கு வந்த அத்தை, விவரம் தெரியாமல் கொதிக்கிற கறிக்குழம்புக் குண்டானை இறக்கி மேடை மேல் வைத்தார். மெழுகு இளகி, ஆறி, குண்டான் பசை போட்டது போல் ஒட்டிக்கொண்டது. அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் குழம்பில் பாதி மேடையில் ஓடியது. விருந்தாளிகள் வாசலில் பசியோடு நிற்கிறார்கள். அப்பா ஓடிவந்து, "மேடைக்கு என்னாச்சு?" என்றார்.

மறுநாளே பச்சை நிற ரெக்சின் வாங்கி வந்து, மேடை மேல் இழுத்துப் போர்த்தி, சுற்றிலும் பித்தளைக் குமிழ் ஆணிகளாக அடித்தார். இனி ஒரு சொட்டு உள்ளே போகாது என்றார். போன தண்ணீர் வெளியே வராது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஆணி ஓட்டைகள் வழியாகக் கசிந்து கசிந்து உள்ளேயே தங்கிவிட்டது. "ரெக்சினு கீழ என்னமோ நாறுதுங்க" என்று அம்மா ஐப்பசி மழைக்கு முன்பே சொன்னாள். புதுசு அப்படித்தான் நாறும் என்று அப்பா பதில் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோதுதான் ஆணிகளைப் பிடுங்கினார். ரெக்சினை உரித்ததும் எங்களுக்குக் குமட்டியது. செக்கச்செவேல் பலகை கறுத்துப்போய், வெள்ளைப் பூசணம் பூத்து, இணைப்புகள் பிளந்து கிடந்தது.

அப்பா குனிந்து, இரண்டு கட்டைவிரலாலும் பலகையை மெல்ல மெல்ல, அந்த டாக்டரைப் போலவே, ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தார்.

"எப்பிடி வீங்கிக் கெடக்குது பாரு. இத்தன நாளா இந்த வூட்ல ஒருத்தரும் கவனிக்கலியே" என்றார்.

அம்மா அரிவாள்மனைக்கு முன்னால், மடக்க முடியாத காலைத் தரையில் நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று கண்ணில் நீர் வழிந்தது. நறுக்கிக்கொண்டிருந்ததோ பூசணிக்காய்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அழுவாதம்மா. அந்தக் கட்டைய வெயில்ல வெச்சா சரியாப் போயிரும்."